பத்தூர் நடராஜரும் தடயங் காத்தலும்

களவு போன பொருள் அகப்பட்டால் வழக்கு முடிந்ததென எண்ணுவார் பலர். அப்பொருள் இன்ன இடத்ததே என்று நியாயஸ்தலத்தில் மெய்ப்பிப்பதன்றோ அரிது! அதற்கொரு திருஷ்டாந்தம் நம் காவிரி நாட்டிலேயே உளது.

அந்நாளைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பத்தூரில், பாழடைந்த சிவாலயத்தினருகே 1976-ஆம் வருஷம் மண்ணினின்று வெளிப்பட்ட நடராஜ விக்கிரகம், பல கை மாறிக் கடல் கடந்து, 1982-இல் இலண்டன் போலீஸார் வசமாயிற்று. விலைகொடுத்து வாங்கிய கானடா தேசத்துக் கம்பெனியார் தமதென்றனர். பாழ்பட்ட கோயிலோ தானே ஒரு கட்சிக்காரராய் எதிர் நின்றது. பத்தூரிற் கிடைத்த மற்ற விக்கிரகங்கள் அரசாங்கத்தாரிடம் இருந்தமையால், அவற்றோடு இதனை ஒப்பிடல் கூடிற்று. டாக்டர் இரா. நாகசாமி அவர்கள் வேலைப்பாட்டின் ஒற்றுமையைச் சாக்ஷியாக எடுத்துரைத்தார். உலோகம், ஒட்டியிருந்த மண், கரையான் புற்றுத் தடம் ஆகியனவும் நிபுணர்களால் ஆராயப்பட்டன. 1988-இல் தீர்ப்புக் கோயிலுக்கே கிடைத்தது. 1991-இல் அப்பீல் கோர்ட்டாரும் அதனையே உறுதி செய்ய, விக்கிரகம் அவ்வருஷமே தாயகம் மீண்டது.

அகப்பட்ட சிலைகளைப் பக்தி மேலீட்டினால் எவரேனும் புளியிட்டுத் துலக்கியிருப்பரேல்? மண்ணும் கரையான் தடமும் வாய்க்கால் நீரோடு போயிருக்கும். ஆதலின், கோயிற் காவலராயினும் போலீஸாராயினும் முதற்கண் செய்யத்தக்கது, கூட்டத்தை விலக்கி, பொருளைக் கிடந்தவாறே விடுதல். பின்னர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் பிடித்தல் வேண்டும். கையுறையணிந்து எடுத்தலும், கிடந்த குழியின் மண்ணிற் சிறிது தனியே சேமித்தலும் அடுத்தன. நம் வயற்புறத்து ஈரம் பொல்லாதது. நனைந்தவற்றைப் பிளாஸ்டிக் பையிலிட்டால் பூஞ்சணம் பற்றும். நிழலிலுலர்த்திக் காகிதவுறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்தலே தக்கது. கையொப்பத்துடன் மகஜர் எழுதி, பொருள் எவரிடமிருந்து எவரிடம் எந்நாள் எந்நேரம் சென்றதென்பதையும் குறித்தல் வேண்டும். இதிலோர் இடைவெளி நேரின் எதிர்க்கட்சி வக்கீல் அவ்வழியே நுழைவார். அஃது அவர் தொழில், நாம் நோவதெங்ஙனம்?

2024-ஆம் வருஷம் ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்தல் வேண்டுமென விதிக்கின்றது.

பதிவில்லாக் கைமாற்றம் எங்ஙனம் முடியுமென்பதைச் சிவபுரத்தார் அறிவர். 1951-இல் அங்கே வெளிப்பட்ட நடராஜரைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது, கோயிலுக்குத் திரும்பியது போலி. அஃது அறியப்படுமுன் வருஷங்கள் பல சென்றன. மெய்விக்கிரகம் அமெரிக்காவினின்று மீண்டது 1986-இலேதான்.