எடிட்டிங்குக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு? கேமராவிலிருந்து தொடங்குங்கள்

பெங்களூரு டவுன் ஹாலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது எஸ்.பி. ரோடு. கம்ப்யூட்டர் உதிரிகள் என்றால் ஊரே கைகாட்டும் தெரு. அங்கே ஒரு கடையில் நுழைந்து, "வீடியோ எடிட்டிங்குக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேணும்" என்று கேட்டால், "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் வரும். நாம் ஒரு தொகையைச் சொன்னதும், அந்தத் தொகைக்குள் கேம் விளையாட எது வேகமோ அதுவே மேசைக்கு வரும். எடிட்டிங்குக்கு அது பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

கேமும் எடிட்டிங்கும் கார்டின் வெவ்வேறு பாகங்களிடம் வேலை வாங்குகின்றன. ஆகவே கடைக்குக் கிளம்பும் முன்பே மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் கேமரா எந்த வகை ஃபைலை எழுதுகிறது, உங்கள் கம்ப்யூட்டர் எந்த இடத்தில் திணறுகிறது, எந்த மென்பொருளில் வேலை செய்கிறீர்கள். இவை தெரிந்துவிட்டால் கார்டின் பெயர் தானாகவே வந்து நிற்கும்.

கார்டு செய்யும் மூன்று வேலைகள்

முதல் வேலை, பிரிப்பது. கேமராவும் செல்போனும் வீடியோவைச் சுருக்கித்தான் எழுதுகின்றன. ஹெச்.264, ஹெச்.265 என்பவை அந்தச் சுருக்கும் முறைகள். ஒரு ஃப்ரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வரும் பல ஃப்ரேம்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளும். டைம்லைனில் நீங்கள் ஓரிடத்தில் கிளிக் செய்தால், பின்னோக்கிப் போய் முழு ஃப்ரேமைத் தேடி, மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அந்த ஃப்ரேமை மறுபடி கட்ட வேண்டும். இதற்கென்றே கார்டுக்குள் தனி சர்க்யூட் உண்டு, டீகோடர் என்பார்கள்.

இரண்டாவது வேலை, கணக்குப் போடுவது. கலர் கிரேடிங், ப்ளர், டைட்டில், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் இதில் அடக்கம். கார்டின் ஆயிரக்கணக்கான கோர்களும் மெமரியும் உழைப்பது இங்கேதான். கேம் பெஞ்ச்மார்க் பட்டியல்கள் அளப்பது கிட்டத்தட்ட இந்தத் திறனை மட்டும்தான்.

மூன்றாவது வேலை, முடிந்த வீடியோவை மறுபடி சுருக்கி எக்ஸ்போர்ட் செய்வது. இதற்கும் தனி சர்க்யூட்: என்கோடர்.

கார்டின் விலை ஏற ஏற, கோர்களும் மெமரியும் பெருகிக்கொண்டே போகும். ஆனால் டீகோடரும் என்கோடரும் ஒரே தலைமுறைக்குள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்; மேல்தட்டுக் கார்டுகளில் எண்ணிக்கை கூடலாம், அவ்வளவுதான். சில மலிவு கார்டுகளில் என்கோடரே கிடையாது. என்விடியாவின் ஜிடி 1030, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை. எடிட்டிங்குக்கு இவற்றை வாங்காதீர்கள்.

உங்கள் ஃபைல் என்ன சொல்கிறது?

மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் கேமராவில் எடுத்த ஒரு ஃபைலை அதில் திறந்து மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். 'ஃபார்மட்' என்ற வரியில் ஏவிசி என்று இருந்தால் அது ஹெச்.264, ஹெச்இவிசி என்றால் ஹெச்.265. 'பிட் டெப்த்' என்ற வரியில் 8 அல்லது 10 இருக்கும். 'குரோமா சப்சாம்பிளிங்' என்ற வரியில் 4:2:0 அல்லது 4:2:2 இருக்கும்.

மூன்றாவது வரியில்தான் பலருடைய பணம் வீணாகிறது. ஒளியின் அளவை ஒவ்வொரு பிக்ஸலுக்கும் எழுதும் கேமரா, நிறத்தை அவ்வளவு நெருக்கமாக எழுதுவதில்லை. 4:2:2 என்றால் நிறத் தகவல் பாதி. 4:2:0 என்றால் கால் பங்கு. செல்போன்களும் ட்ரோன்களும் பெரும்பாலும் 4:2:0 எழுதுகின்றன. இன்றைய கார்டுகள் பெரும்பாலும் அதை எளிதாகப் பிரித்துவிடும். கல்யாண வேலைக்கு இப்போது அதிகம் புழங்கும் சோனி ஏ7-4, எஃப்எக்ஸ்30 போன்ற கேமராக்களில் 10 பிட் 4:2:2 எடுக்கலாம். என்விடியாவின் 30, 40 வரிசைக் கார்டுகளின் டீகோடருக்கு இந்த வகை தெரியாது. எவ்வளவு விலை உயர்ந்த 40 வரிசைக் கார்டாக இருந்தாலும், இந்த ஃபைல் வந்தால் பாரம் முழுவதும் ப்ராசசர் தலையில்தான் விழும், டைம்லைன் திக்கும்.

இதற்கு இரண்டு வழிகள். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை, 4:2:2 ஃபைல்களை ஹெச்.264, ஹெச்.265 இரண்டிலுமே பிரிக்கும். மென்பொருளும் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது வழி, இன்டெல் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் க்விக் சிங்க். 12, 13, 14-வது தலைமுறை இன்டெல் கோர் ப்ராசசர்களில் ஹெச்.265 4:2:2 ஃபைலை இதுவே பிரித்துவிடும். இன்டெலின் ஆர்க் கார்டுகளும் அப்படியே.

இங்கே ஓர் எழுத்தைக் கவனியுங்கள். ஐ5 12400 என்பதும் ஐ5 12400எஃப் என்பதும் ஒன்றல்ல. பெயரின் கடைசியில் 'எஃப்' வந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. க்விக் சிங்க்கும் கிடையாது. கேம் ஆடுபவருக்கு எஃப் வாங்குவது சிக்கனம். எடிட்டருக்கு அந்தச் சிறு மிச்சம் பெரிய நஷ்டம். எஃப் இல்லாத ப்ராசசர் வாங்கி, கூடவே கார்டும் போட்டால், பயாஸில் உள்கிராஃபிக்ஸை அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு: கேமரா மெனுவில் 10 பிட் 4:2:0 கிடைத்தால் அதற்கு மாற்றி எடுத்துப் பாருங்கள். கிரீன் ஸ்க்ரீன் வேலை இல்லாதவர்களுக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அரிது.

எந்த இடத்தில் திணறுகிறது?

இப்போது கையில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். எப்போதும் திக்கும் ஒரு டைம்லைனை ஓடவிட்டு, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போய் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே '3டி', 'வீடியோ டீகோட்', 'வீடியோ என்கோட்' என்று தனித்தனி வரைபடங்கள் ஓடும்.

டீகோட் கோடு தரையோடு தரையாகக் கிடக்க, சிபியு மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டால், உங்கள் ஃபைலைக் கார்டு தொடவே இல்லை என்று பொருள். அப்போது 4:2:2 பிரச்சினையா என்று பாருங்கள். 3டி கோடு உச்சியில் நின்றால் கோர்கள் போதவில்லை. பெரிய கார்டு உதவும். 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' நிரம்பி வழிந்தால் மெமரி போதவில்லை. இவை எல்லாமே அமைதியாக இருந்தும் படம் திக்கினால், பெரும்பாலும் ஃபைல் இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான் மெதுவாக இருக்கும். கார்டு மாற்றிப் பலனில்லை, எஸ்எஸ்டி வாங்குங்கள்.

மெமரி எத்தனை ஜிபி?

4கே ஃப்ரேம் ஒன்றில் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்ஸல்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் ஒவ்வொரு நிறத்தையும் 32 பிட் துல்லியத்தில் கணக்கிடுகிறது. ஒரு பிக்ஸலுக்கு 16 பைட் என்று வைத்தால், பிரித்த ஒரே ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 133 எம்பி தேவை. இருட்டில் எடுத்த ரிசப்ஷன் காட்சிக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுகிறீர்கள்; அது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ஃப்ரேம்களையும் சேர்த்துப் பார்க்கிறது. ஐந்து ஃப்ரேம், 665 எம்பி. இது ஒரே எஃபெக்ட்டுக்கு. மேலே கலர் நோடுகள், டைட்டில், இரண்டாவது வீடியோ லேயர் ஏறும்போது 4 ஜிபி கார்டில் 'ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது' என்று ரிசால்வ் நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம். ஃபுல் ஹெச்டி ஃப்ரேம் இதில் கால் பங்குதான்.

ஆகவே ஃபுல் ஹெச்டிக்கு 6 ஜிபி போதும். 4கே-க்கு 8 ஜிபி குறைந்தபட்சம். நாய்ஸ் ரிடக்‌ஷன், ரிசால்வின் ஃப்யூஷன் எஃபெக்ட்டுகள், ஏஐ கருவிகள் அன்றாட வேலை என்றால் 12 அல்லது 16 ஜிபி. கணக்குப் போடும் திறன் போதாமல் போனால் ரெண்டர் மெதுவாகும், காத்திருக்கலாம். மெமரி போதாமல் போனால் வேலையே நின்றுவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் மெமரியைத் தேர்ந்தெடுங்கள்.

மென்பொருளும் கேட்கும்

ரிசால்வ் ஏறக்குறைய எல்லாக் கணக்கையும் கார்டிடம் ஒப்படைக்கும். ப்ரீமியர் ப்ரோவில் ப்ராசசருக்கும் ராமுக்கும் பங்கு அதிகம். ப்ரீமியர்காரர்கள் கார்டில் ஒரு படி குறைத்து, அந்தப் பணத்தை ப்ராசசருக்கும் 32 ஜிபி ராமுக்கும் போடலாம்.

ரிசால்வின் இலவசப் பதிப்பில் நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடையாது. அதற்கு ஸ்டூடியோ பதிப்பு வேண்டும். ஒருமுறை கட்டணம், 295 டாலர். இலவசப் பதிப்போடு இருப்பவர் அந்த எஃபெக்ட்டை மனதில் வைத்துப் பெரிய கார்டு வாங்குவதில் அர்த்தமில்லை.

யாருக்கு எது?

செல்போன் ஃபுட்டேஜை வெட்டி ஒட்டி, டைட்டில் போட்டு யூடியூபில் ஏற்றுபவர்: எஃப் இல்லாத இன்டெல் ஐ5 வாங்கி, கார்டே இல்லாமல் தொடங்குங்கள். பின்னால் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபுல் ஹெச்டி வேலை, பழைய கம்ப்யூட்டர்: ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 70 வாட் போதும், தனிப் பவர் கேபிள் கேட்காது.

4கே கல்யாண வேலை: 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060, அல்லது 12 ஜிபி ஆர்க் பி580. 4:2:2 ஹெச்.264-இல் எடுப்பவர் 5060 பக்கமே போகட்டும்.

நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஏஐ கருவிகளும் தினமும் வேண்டுவோர்: 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ. இதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

எஸ்.பி. ரோட்டில் கவனிக்க வேண்டியவை

என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றுக்கும் பெங்களூரில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் இங்கே திறந்த டெக்னோஸ்டார் வளாகம்தான் ஏஎம்டியின் உலகிலேயே பெரிய வடிவமைப்பு மையம். ஆனாலும் கார்டு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்கிறது. பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கார்டின் சீரியல் நம்பரோடு பில் இருந்தால்தான் வாரண்டிக்குப் போய் நிற்க முடியும். ஜிஎஸ்டி பதிவு வைத்துத் தொழில் செய்பவர், பில்லில் தன் எண்ணைப் போடச் சொன்னால் அந்த வரியை இன்புட் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். பழைய சிப்பைப் புதிய பெயரில் காட்டும் போலிக் கார்டுகள் பலவற்றை அது அடையாளம் காட்டும். ஆர்எக்ஸ் 580 என்று சொன்னால் 'ஷேடர்ஸ்' கட்டத்தைப் பாருங்கள். அசல் கார்டில் 2304 இருக்கும். 2048 என்றால் அது குறைந்த வகை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. அந்தக் காலத்துக் கார்டு என்றால் ஃபேன் சத்தம் கேட்டு, பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மறக்க வேண்டாம். 5060-க்கு 145 வாட், 5060 டிஐ-க்கு 180 வாட் தேவை. எஸ்எம்பிஎஸ் நல்ல பிராண்டாக, 5060-க்கு 550 வாட், 5060 டிஐ-க்கு 600 வாட் இருக்கட்டும். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கார்டுகளை மாட்டாதீர்கள். கோடை மழைக்கு பெஸ்காம் கரண்ட் போகும் நேரத்தில் எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கலாம். பொதுவாக 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட்தான். ஆகவே 1 கேவிஏ வாங்குவது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள். என்விடியா என்றால் ஸ்டூடியோ டிரைவரைப் போடுங்கள். அதே என்விடியா கார்டோடு ப்ரீமியர் பயன்படுத்தினால், ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரர் 'க்யூடா' என்று இருக்கிறதா பாருங்கள்.

இப்போதைக்குக் கார்டு வாங்கப் பணம் இல்லாதவர்கள் ப்ராக்ஸியில் வேலை செய்யுங்கள். ரிசால்விலும் ப்ரீமியரிலும் அந்த வசதி உண்டு: பெரிய ஃபைலுக்குப் பதில் சிறிய நகலை வைத்து வெட்டிவிட்டு, எக்ஸ்போர்ட்டில் அசலைப் பயன்படுத்தலாம். இரவு தூங்கப் போகும் முன் ப்ராக்ஸி உருவாக்கப் போட்டுவிட்டால், காலையில் பழைய கம்ப்யூட்டரும் தடையில்லாமல் ஓடும்.

கடைசியாக, பட்ஜெட்டில் இரண்டு டிஸ்க்குகளுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மீதியில் கார்டு பாருங்கள். ஒன்று வேலைக்கு, மற்றொன்று நகலுக்கு. மெதுவான கார்டால் போவது சில மணி நேரம். நகல் இல்லாமல் ஒரு டிஸ்க் செத்தால், நம்மை நம்பி ஒரு குடும்பம் ஒப்படைத்த முகூர்த்தம் போய்விடும். அதை எந்தக் கார்டாலும் திருப்பித் தர முடியாது.