தொண்டும் மாணவர் நலனும்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி வீதம் ஈராண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றவேண்டும். அத்துடன் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கேற்கவேண்டும். இதனால் சிற்றூர் பெறும் பயன் பலகாலும் பேசப்படுகிறது. மாணவர் பெறும் பயன் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விடுதியில் தனிமையால் வாடும் முதலாண்டு மாணவருக்கு, தம் வரவை எதிர்நோக்கும் முதியோர் கல்வி வகுப்பொன்று ஊன்றுகோலாகலாம். ஆயின், ஒரே ஊரில் தொடர்ந்து பணியாற்றினாலன்றி இவ்வுறவு வேரூன்றாது. நடைமுறையிலோ, மணிக்கணக்கை நிரப்பும் பொருட்டு, பேரணியும் புகைப்படமுமாகப் பணி முடிந்துவிடுவதும் உண்டு. நூறு தொண்டர்களுக்குத் திட்ட அலுவலர் ஒருவரே. அவரும் பாடம் நடத்தும் ஆசிரியர். சோர்ந்த மாணவரை அவர் எங்ஙனம் இனங்காண்பார்? தொண்டர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு தெருவை ஒப்படைத்தால், வாராத மாணவரைக் குழுவினரே முதலில் தேடுவர்.