நோயாளி நம்புவதை அளப்பது எங்ஙனம்?

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. நோயாளி தம் நோயைப் பற்றி என்ன நம்புகின்றார் என்பதை அளக்கவும் கருவி ஏதேனும் உளதோ? உளது என்றே கூறல் வேண்டும். அக்கருவி சொற்களாலானது. அதனாலேயே அதனைச் செய்தல் வெப்பமானியைச் செய்வதிலும் அரிதாயிருக்கின்றது.

இவ்வளவையின் அருமையை உணர்வதற்கு ஏற்ற நோயொன்றை எடுத்துக்கொள்வோம். தலைச்சுற்றாக வெளிப்படும் ஒற்றைத் தலைவலியே அது. மேல்நாட்டு வைத்தியர் 'வெஸ்ரிபுலர் மைக்ரேன்' என்பர். எமது உட்செவியிலே உடலின் சமநிலையைக் காக்கும் நுண்ணிய உறுப்பொன்று அமைந்துள்ளது. அதனை ஆராய்ந்ததற்காக 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர் வியன்னா நகரத்து றொபேட் பாரனி என்பவர். பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவிலே போர்க்கைதியாக இருந்தார் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. அவர் பெயர் தாங்கிய பாரனி சங்கம், சர்வதேசத் தலைவலிச் சங்கத்துடன் கூடி, 2012ஆம் ஆண்டிலே இந்நோய்க்கு இலக்கணம் வகுத்தது. 5 நிமிடம் முதல் 72 மணிநேரம் வரை நீடிக்கும் தலைச்சுற்று ஐந்து முறையேனும் வந்திருத்தல் வேண்டும். ஒற்றைத் தலைவலி இப்போதோ முன்போ இருந்திருத்தல் வேண்டும். சுற்றல் வரும் வேளைகளிற் பாதியிலேனும் தலையிடி, வெளிச்சமும் ஓசையும் பொறுக்கவியலாமை, கண்முன் மின்னற்கோடுகள் தோன்றல் என்பவற்றுள் ஒன்று உடன்வரல் வேண்டும். வேறு நோயினால் அது விளங்கக்கூடியதாயிருத்தல் ஆகாது.

தலையிடி சிறிதும் இன்றியே சுற்றல் வருவதும் உண்டு. இந்நோயைக் காட்டித்தரும் இரத்தப் பரிசோதனையோ படமோ எதுவும் இல்லை. தலையைப் படம்பிடித்தால் அது பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். வைத்தியர் நோயாளியின் வாய்மொழியைக் கொண்டே தீர்மானிக்கின்றார்.

இங்கேதான் நம்பிக்கை நுழைகின்றது. வீடு சுழல்கின்றது, படமோ 'ஒன்றுமில்லை' என்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை மனம் சும்மா விட்டுவைக்குமா? மூளையிற் கட்டி, பித்தம், நரம்புத் தளர்ச்சி, கண்ணூறு என ஒவ்வொருவரும் ஒவ்வொரு விளக்கம் தேடுகின்றனர். 'வேலைக்குக் கள்ளமாகச் செய்யும் பாசாங்கு' என்று வீட்டார் சொல்வதும் உண்டு. நோயினும் அச்சொல்லே கொடிது. இவற்றை அறியாமை என்று எள்ளி நகையாடுவோருடன் நாம் உடன்படோம். காரணம் கூறப்படாத துன்பத்துக்குக் காரணம் தேடுதல் மனித இயல்பு.

ஆயினும் விளைவு சிறியதன்று. இந்நோயைத் தடுக்கக் கொடுக்கும் மருந்துகள் பலன்காட்டச் சில வாரங்கள் செல்லும். மருந்தில் நம்பிக்கையற்றவர் பத்தாம் நாளே அதனை நிறுத்திவிடுவர். தலையை அசைத்தால் ஆபத்து என்று நம்புபவர் அசையாமலே இருந்து, சமநிலை மீள்வதற்கு வேண்டிய பயிற்சியை இழப்பர். வலிநிவாரணி ஒன்றே கதி என்று நம்பி, மாதத்தில் 15 நாட்களுக்கு மேலாகச் சாதாரண வில்லைகளை விழுங்கி வருபவருக்கு அவ்வில்லைகளே தலைவலியை வளர்க்கவுங்கூடும்.

நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை முறையாக ஆராயத் தொடங்கியவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த உளநூலார். 1950களில் அங்கே சயரோகத்தைக் கண்டறிய இலவசமாக எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டது. படமெடுக்கும் வண்டி மக்கள் வாழும் இடத்துக்கே வந்தது. அப்படியிருந்தும் பலர் வரவில்லை. ஏன்? ஹொக்பாம் என்பவர் பொஸ்டன், கிளீவ்லாந்து, டெற்றோயிற் ஆகிய நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வினவினார். 'எனக்கும் இந்நோய் வரலாம்', 'முற்கூட்டி அறிந்தால் நன்மையுண்டு' என்னும் இரண்டையும் நம்பியவர்களுள் நூற்றுக்கு 82 பேர் தாமாகவே படமெடுத்திருந்தனர். இரண்டையும் நம்பாதவர்களுள் 21 பேரே எடுத்திருந்தனர். இவ்வழி வந்ததே சுகாதார நம்பிக்கை மாதிரி எனப்படும் கொள்கை. நோய் தன்னை அணுகும் என்னும் எண்ணம், அதன் கடுமை, சிகிச்சையின் பயன், இடையே நிற்கும் தடைகள், செயலுக்குத் தூண்டும் குறிப்பு என்பன அதன் உறுப்புகள். 'என்னால் இதைச் செய்ய இயலும்' என்னும் தன்னம்பிக்கை 1988இல் சேர்க்கப்பட்டது.

ஒரு சிக்கலை வாசகர் இதற்குள் கண்டிருப்பர். ஹொக்பாம் வினவியது பெரும்பாலும் நோயற்றவர்களை. தலைச்சுற்றினால் ஏற்கெனவே வருந்துபவரிடம் சென்று 'இந்நோய் உமக்கு வருமென்று நினைக்கிறீரா?' என்று கேட்டால் அவர் எம்மைப் பார்த்துச் சிரிப்பார்! ஆகவே நோயாளரிடம் அவ்வுறுப்பு உருமாற வேண்டும்: 'வைத்தியர் கூறிய நோயே எனக்கு உண்டென ஏற்கிறேன்', 'அது மீண்டும் வருமென எதிர்பார்க்கிறேன்' என்றவாறு.

துன்பத்தின் அளவை அறிவதற்கு வேறு வினாக்கொத்துகள் உள்ளன. 1990இல் ஜேக்கப்சன், நியூமன் என்போர் ஆக்கிய தலைச்சுற்று இடர் வினாக்கொத்து 25 வினாக்களைக் கொண்டது. மிகக்கூடிய புள்ளி 100. ஆனால் இருவர் 60 புள்ளியே பெற்றாலும், ஒருவர் 'இது குணமாகும்' என்றும் மற்றவர் 'என் தலைவிதி' என்றும் இருக்கலாம். அவ்வேறுபாட்டை நெருங்க முயன்றது 1978இல் வோல்ஸ்ரன் குழுவினர் வெளியிட்ட 18 கூற்றுகள் கொண்ட அளவுகோல். நலம் தன் கையிலா, வைத்தியர் முதலிய வல்லார் கையிலா, தற்செயலின் கையிலா என்று அது பிரித்துக் காண்கின்றது. எம்மவர் பலர் மூன்றுக்கும் 'ஆம்' என்பர் என்பது எமது எண்ணம். அதிலே முரண்பாடும் இல்லை.

கூற்றுகளை எழுதுவது மேசைமுன் இருந்து செய்யும் வேலையன்று. முதலில் நோயாளரைப் பேசவிட்டு, அவர் சொற்களையே எடுத்தாள வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் 'முற்றாக உடன்படுகிறேன்' முதல் 'முற்றாக மறுக்கிறேன்' வரை ஐந்து படிகள் வைப்பது 1932இல் லிக்கேட் காட்டிய வழி. 'மருந்து பயனற்றது, செலவும் அதிகம்' என்று இரண்டை ஒன்றாக முடிந்தால், விடை எதற்கென்று தெரியாது. மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோர் இருப்பர். ஆகவே சில கூற்றுகளை எதிர்மறையாகவும் அமைப்பர். கூற்றுகள் தம்முள் இசைகின்றனவா என்பதைக் குரொன்பாக் 1951இல் விளக்கிய எண்ணாற் கணிப்பர், 0.70க்கு மேல் வந்தாற் பொதுவாக ஏற்பர். ஒரே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்டாலும் அவ்வெண் உயருமாதலால், அதனை மட்டும் கண்டு மகிழ்தல் தகாது.

மொழிபெயர்ப்பிலே இடர் பெரிதாகின்றது. தமிழில் 'தலைச்சுற்று' என்னும் ஒரு சொல், அறை சுழல்வதையும் கால் தள்ளாடுவதையும் கண் இருண்டு வருவதையும் குறிக்கும். 'மயக்கம்' உணர்விழத்தலையும் குறிக்கும். வைத்தியருக்கோ இவை வெவ்வேறு. ஆகவே ஒருவர் தமிழாக்க, மூலத்தைக் காணாத மற்றொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவர். பின்னர் நோயாளர் சிலரிடம் கொடுத்து, 'இதனை நீர் எவ்வாறு விளங்கிக்கொண்டீர்?' என்று கேட்டறிவர்.

இந்நோய்க்கே உரிய தொல்லை இன்னும் ஒன்று. நேற்று வீடு சுழன்றவர் இன்று கூறும் விடையும், மூன்று மாதம் நலமாயிருந்தவர் கூறும் விடையும் ஒன்றாகா. இரு வாரம் கழித்து மீண்டும் வினவும்போது விடை மாறினால், கருவி பிழையோ நோயின் அலையோ என்று தெரியாது. அதனாற் கடைசிச் சுற்றல் வந்த நாளைத் தாளின் தலைப்பிலேயே குறித்துக்கொள்ளல் வேண்டும். சிலருக்கு நெருங்கிய எழுத்து வரிகளை நோக்குவதே சுற்றலைத் தரும். அத்தகையோருக்கு வினவுபவர் வாசித்துச் சொல்ல, அவர் கண்களை மூடியிருந்தவாறே விடையளிக்க இடங்கொடுத்தல் நன்று.