அகளிக்கு மேலே எந்த வண்டி?

பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் சந்தையில் குவிந்துவிட்டன. அட்டப்பாடி மலை ஊர்களுக்கோ பழைய ஜீப்தான் இன்னும் கதி.

முக்காலியில் விடுமுறை நாட்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கோவையிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ ஒரு டொயோட்டா ஃபார்ச்சூனர் வந்து நிற்கும். இரண்டு டன்னுக்கும் அதிக எடை, நான்கு சக்கர இயக்கம், எந்த மலையையும் ஏறிவிடுவேன் என்கிற தோரணை. சொந்தக்காரர் அதைப் பூட்டிவிட்டு, குடும்பத்தோடு ஒரு வாடகை ஜீப்பில் நெருக்கியடித்து உட்காருவார். சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்குள் சைரந்திரி வரையிலான 23 கிலோமீட்டருக்குச் சொந்த வண்டிகளுக்கு அனுமதி கிடையாது.

இது காட்டின் சட்டம், வண்டியின் குறை அல்ல. ஆனால் சட்டம் குறுக்கே வராத இடங்களிலும் அட்டப்பாடியில் கிட்டத்தட்ட இதே கதைதான்.

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது அட்டப்பாடி. பரப்பு 745 சதுர கிலோமீட்டர். அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழும் சுமார் 190 ஊர்கள் இந்த மலைகளில் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் தலைமையிடம் அகளி. மன்னார்க்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் சாலை அகளியைத் தொட்டு, ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு இறங்குகிறது. பஸ் அந்தச் சாலையோடு சரி. அதிலிருந்து பிரிந்து மேலே போகிறவர்களுக்கு 'ட்ரிப்' அடிக்கும் ஜீப்புகள்தான். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பள்ளிப் பிள்ளைகள், காய்ச்சல்காரர்கள் எல்லாம் ஒரே வண்டியில்.

எந்த ஜீப் வாங்குவது என்ற கேள்விக்கு இங்கே முதல் பதிலைச் சொல்வது மழை. மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கிழக்கே ஆனைகட்டிப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம்; புழுதியும் கல்லும்தான். கிழக்கில் தரையிலிருந்து சற்று உயரமாக நிற்கும் பின்சக்கர இயக்க வண்டியே பெரும்பாலும் போதும். மகிந்திரா பொலேரோ அப்படிப்பட்டது. அடிவயிற்றில் 180 மில்லிமீட்டர் இடைவெளி, ஏழு பேருக்கு இடம். மேற்கே, குறும்பர் ஊர்கள் இருக்கும் உயரத்தில், வழுக்கும் சேற்றில் பின்சக்கரம் மட்டும் சுழன்றால் வண்டி நகராது, குழிதான் ஆழமாகும்.

அங்கேதான் அந்த இரண்டாவது நெம்புகோலுக்கு வேலை. கியர் பெட்டியை அடுத்து ஃபோர் வீல் வண்டியில் இன்னொரு சிறு பெட்டி உண்டு. நெம்புகோலை மாற்றினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். 'லோ'வில் போட்டால் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும், இழுக்கும் சக்தி அந்த அளவுக்குக் கூடும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இதன் அருமை தெரியும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். 'லோ'வில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தியபடி இறக்கும். பழைய ஜீப்பிலும் தாரிலும் இதைத் தார் ரோட்டில் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வித்தியாசத்துக்கு ஈடுகொடுக்க வழியில்லாமல் தண்டுகள் முறுக்கேறும்.

எல்லாரும் குதிரைசக்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். மலையில் முடிவு செய்வதோ நீளம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளி பழைய வில்லிஸ் ஜீப்பில் 80 அங்குலம், அதாவது 2,032 மில்லிமீட்டர். 2020இல் வந்த மகிந்திரா தாரில் 2,450. மாருதி ஜிம்னியில் 2,590, ஃபார்ச்சூனரில் 2,745, ஐந்து கதவுள்ள தார் ராக்ஸில் 2,850. இடைவெளி கூடக் கூட, வளைவில் ஒரே திருப்பில் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டும். ஒரு பக்கம் பள்ளம் இருக்கும்போது அது விளையாட்டல்ல. மேடு ஏறி இறங்கும்போது நீண்ட வண்டியின் வயிறும் முதலில் தட்டும்.

அப்படியானால் தார் வாங்கலாமே? ஏறும், சந்தேகமில்லை. தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரிலும் போகும் என்கிறது நிறுவனம். பிரச்னை வேறு. அதில் நான்கு பேர்தான் உட்காரலாம். 2020இல் வந்தபோது எதிரெதிராகப் பக்கவாட்டு இருக்கை வைத்த மலிவு ரகம் ஒன்று இருந்தது. பாதுகாப்பு நோக்கில் அது சில மாதங்களிலேயே கைவிடப்பட்டது. பாதுகாப்பு என்று பார்த்தால் சரியான முடிவு. ட்ரிப் ஜீப்பின் பிழைப்போ அந்தப் பக்கவாட்டு பெஞ்சுகளில்தான் இருக்கிறது. ஐந்து கதவு ஃபோர்ஸ் கூர்க்காவில் ஏழு பேருக்கு இடம் உண்டு. சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்கும்படி இரு அச்சுகளையும் பூட்டலாம். விலையைக் கேட்டால்தான் மூச்சு வாங்கும்.

புதிய டீசல் வண்டிகளில் இன்னொரு தொல்லை. புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. மெதுவாக, குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நல்ல வேகத்தில் ஓட்டினால் கரி எரிந்து சுத்தமாகும். அட்டப்பாடியில் அந்த வேகத்துக்கு எங்கே போவது?

அதனால்தான் பழைய மகிந்திராக்கள் சாகவில்லை. 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கிய நிறுவனம் அது. பின்னாளில் வந்த டீசல் ஜீப்புகளில் எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டலாம். ஆனால் அவற்றுக்கும் காலம் நெருங்குகிறது. 15 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 5,000 ரூபாய் ஆனது.

இழுவை விஷயத்தில் கணக்கு அப்படியே தலைகீழ். பின்னால் டிரெய்லர் கட்டுகிறவருக்கு எடையும் நீளமும்தான் நண்பர்கள். இறக்கத்தில், தனி பிரேக் இல்லாத டிரெய்லர் முன்னே போகும் வண்டியைத் தள்ளும்; வண்டி குட்டையாகவும் லேசாகவும் இருந்தால் அதன் பின்புறத்தையே ஒரு பக்கம் ஒதுக்கிவிடும். இந்த வேலைக்கு ஃபார்ச்சூனரோ, இசுசு வி-கிராஸ் போன்ற நீண்ட பிக்கப்போ ஜிம்னியைவிட எத்தனையோ மேல். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, அடுத்த ஆண்டே இடுக்கி மாவட்டம் வாகமணில் கேரவன் பூங்கா ஒன்றும் திறந்தது. அந்தச் சாலைகளுக்கு அது சரி. மன்னார்க்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசிகளில் டிரெய்லரோடு திரும்ப நினைப்பவர், எதிரே வரும் லாரிக்காரரிடம் அகராதியில் இல்லாத மலையாளம் கற்றுக்கொள்வார். ஊருக்குப் போகும் மண் பாதையில் அந்த யோசனைக்கே இடமில்லை. இழுக்கத் தோதான வண்டி அங்கே ஏறாது. ஏறுகிற வண்டி இழுக்கத் தோதாகாது.

சுற்றுலாக்காரருக்கு இது வசதியைப் பற்றிய கேள்வி, ஏறாவிட்டால் திரும்பிவிடலாம். ஊர்க்காரருக்கு அப்படியில்லை. 2022 டிசம்பரில் புதூர் பஞ்சாயத்தின் கடுகுமண்ணை ஊரில் ஒரு கர்ப்பிணிக்கு நள்ளிரவில் வலி கண்டது. ஆம்புலன்ஸால் ஊர்வரை வர முடியவில்லை. கணவரும் உறவினரும் அவரைத் துணியில் தொட்டிலாகக் கட்டிச் சுமந்து, வண்டி வர முடிந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு கோட்டத்தறை பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையில் பிரசவம் ஆனது. செய்தி கேரளத்தையே உலுக்கியது. எத்தனை தூரம் சுமந்தார்கள் என்பது சர்ச்சையாயிற்று.

ஆம்புலன்ஸுக்கு வேண்டியது இந்தச் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. நோயாளியைப் படுக்கவைக்க நீளம் வேண்டும்; வளைவில் திரும்பக் குட்டையாக இருக்க வேண்டும். நீளமான வேன் தார் ரோட்டோடு நின்றுவிடுகிறது. குட்டை ஜீப் ஏறுகிறது, ஆனால் அதில் நோயாளி உட்கார்ந்துதான் வர வேண்டும். பலத்த மழையில் அந்த ஜீப்பும் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.