பந்து உருள்கிறது, நெஞ்சம் உருகுகிறது!

2025, அக்டோபர் 14. கோவாவின் மட்காவ் நகரிலே, இந்தியக் கால்பந்துக் குழுவும் சிங்கப்பூர்க் குழுவும் மோதிக்கொண்ட இரவு. தேநீர்க் கடை விசிப்பலகையிலே, ஒரே கைப்பேசியைச் சூழ்ந்து நாம் ஐந்து பேர். 14ஆம் நிமிடத்தில் சாங்டே உதைத்த பந்து வலைக்குள்ளே! குவளை கவிழ்ந்ததும் தெரியாமல் குதித்தோம். இடைவேளைக்குச் சற்று முன்பு சிங்கப்பூர் சமன் செய்தது. 58ஆம் நிமிடத்தில் இன்னொன்றும் அடித்தது. முடிவு 2–1. 2027 ஆசியக் கோப்பைக்கான கதவு அடைபட்டுவிட்டது!

"தோற்பதைப் பார்க்கத்தானா இத்தனை ஆர்வம்? கிரிக்கெட் பார்த்திருக்கலாமே!" என்று கேட்டார் கடைக்காரர்.

கேட்கட்டும்! கேள்வியில் குற்றமில்லை. ஆனால், விடை நம்மிடம் இருக்கிறது. நாம் தோல்வியைப் பார்க்க உட்காரவில்லை. ஒருநாள் வென்ற இனம் மறுநாளும் வெல்லும் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்தோம்.

வென்றோமா? ஆம், வென்றோம்!

1948இல் லண்டன் ஒலிம்பிக்கிலே, பலர் வெறுங்காலோடு ஆடிய நம் குழு, பிரான்சு நாட்டைத் திணற அடித்தது. இரண்டு பெனால்டி வாய்ப்புகளைத் தவறவிட்டதால் 2–1 என்று தோற்றது. 1951இல் டில்லியிலே ஈரானை வீழ்த்தி ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்றது. 1956இல் மெல்போர்னிலே ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4–2 என்று மண்டியிட வைத்தது. மூன்று கோல் அடித்தார் நெவில் டிசோசா. அந்த ஒலிம்பிக்கிலே நமக்கு நான்காம் இடம்!

1962 ஜகார்த்தாவை மறக்க முடியுமா? அரசியல் பகை கொதித்த நேரம். அரங்கம் முழுவதும் நம்மவரை இகழ்ந்து கூச்சலிட்டது. தலையில் தையல் போட்டிருந்த ஜர்னெய்ல் சிங்கை முன்வரிசையில் நிறுத்தினார் பயிற்சியாளர் ரஹீம். பி. கே. பானர்ஜி ஒன்று, ஜர்னெய்ல் ஒன்று. தென்கொரியா 2–1 என்று வீழ்ந்தது. தங்கத்தை வாங்கித் தந்த ரஹீம், நோய் தின்ற உடலோடு ஊர் திரும்பி, 1963இல் கண்மூடினார். அவரோடு அந்தப் பொற்காலமும் மெல்ல மெல்லக் கண்மூடிற்று!

1960 ரோம் ஒலிம்பிக்கிலே பெரு நாட்டுக்கு எதிராக நமக்கு ஒரே ஒரு கோல். அடித்தவர் சைமன் சுந்தரராஜ் என்ற தமிழர். இந்திய ஆடவர் ஒலிம்பிக் கால்பந்தில் அடித்த கடைசிக் கோல் அதுதான். அதற்குப் பின் அந்த அரங்கத்தின் வாசற்படியைக்கூட நாம் மிதிக்கவில்லை.

ஏன் இந்த வீழ்ச்சி? காலில் வலிமை இல்லையா? மக்கள் தொகை இல்லையா? 140 கோடிப் பேர் கொண்ட நாடு இது! சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழும் குராசாவ் தீவு 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கிறது. தலைகளை எண்ணினால் கோல் விழாது. தளிர்களை வளர்த்தால்தான் விழும்!

1950இல் உலகக் கோப்பை வாசல் நமக்குத் திறந்தே கிடந்தது, போகவில்லை. காலணி இல்லாததால் தடுக்கப்பட்டோம் என்று ஒரு கதை சொல்வார்கள். உலகக் கோப்பையின் அருமையை அன்றைய நிருவாகிகள் உணரவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கமானது. வாசல் திறந்திருந்தும் வீட்டுக்குள் நுழையாத விந்தை மனிதர்கள்!

அன்றோடு முடிந்ததா? 2022 ஆகஸ்டில், வெளியார் தலையீடு என்று கூறி, உலகக் கால்பந்துச் சங்கம் நம்மைத் தடை செய்தது. பத்து நாள்களுக்குப் பின்னரே தடை நீங்கிற்று. 2025 ஜூலையில், உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத காரணத்தால், இந்தியன் சூப்பர் லீக் தொடரையே நிறுத்தி வைத்தார்கள். உழவன் ஏர் பிடிக்கக் காத்திருக்க, மாடு யாருக்குச் சொந்தம் என்று வழக்காடிக்கொண்டிருந்தால் வயல் விளையுமா?

ஆட்டக்காரர்களை நோகாதீர்! 2018 ஜூன் 1 அன்று மும்பையிலே, சீனத் தைப்பேயை 5–0 என்று நம் குழு வென்றபோது, பார்க்க வந்தவர் 2,569 பேர் மட்டுமே. "திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் வந்து பாருங்கள்!" என்ற பொருளில் கைகூப்பி அழைத்தார் தலைவர் சுனில் சேத்ரி. அடுத்த ஆட்டத்திலே அரங்கம் நிரம்பிற்று. 2024 ஜூனில் விடைபெற்ற அவரை, 2025 மார்ச்சிலே, 40 வயதிலே, திரும்ப அழைக்க வேண்டி வந்தது. அவர் வந்தது பெருமை. அவருக்கு மாற்று இல்லாதது சிறுமை!

இருள் மட்டுந்தானா? இல்லை! அதே 2025 ஜூலை 5 அன்று நம் மகளிர் குழு, தாய்லாந்து மண்ணிலே தாய்லாந்தையே 2–1 என்று வென்று, ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் அடித்தவை. விளம்பர வெளிச்சம் விழாத வீட்டிலிருந்து வந்த வெளிச்சம் அது!

நாம் கேட்பது அதிகமன்று. பள்ளிதோறும் ஒரு திடல் வேண்டும். அந்தத் திடலிலே ஒரு பயிற்சியாளர் வேண்டும். ஆண்டுதோறும் தடையின்றி நடக்கும் ஆட்டத்தொடர் வேண்டும். மாலையிலே பந்தைத் துரத்தும் சிறுவனைப் பார்த்து, "படிப்பைக் கெடுக்காதே" என்று விரட்டாத பெற்றோர் வேண்டும். வேர் நனைந்தால் கிளை பூக்கும். கிளைக்கு மட்டும் பன்னீர் தெளித்துப் பயன் என்ன?

கடைக்காரர் அன்றிரவு விளக்கை அணைக்கும் முன் கேட்டார்: "அடுத்த ஆட்டம் எப்போது?"

சிரித்தோம். நாளைச் சொன்னோம். அன்றைக்கு அந்த விசிப்பலகையிலே நாம் ஆறு பேர்!