கம்பத்து நாயும் பச்சை இறைச்சியும்

1970களில் புதுநகரமாக எழும்புவதற்கு முன், சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டாரத்தில் கம்பங்கள் எனப்படும் கிராமங்களும் பண்ணைகளும் காய்கறித் தோட்டங்களும் இருந்தன. அங்கே வாழ்ந்த நாய்களுக்கு இனப்பெயர் கிடையாது. வேலை மட்டும் உண்டு. ராத்திரி ஆள் நடமாட்டம் கேட்டால் குரைக்கவேண்டும், அவ்வளவுதான். கூலி, வீட்டில் மிஞ்சிய சோறும் மீன் தலையும் குழம்புச் சட்டியை வழித்த மிச்சமும். நாய் சாப்பிடாமல் ஒரு மூலையில் சுருண்டால் இரண்டு நாள் பார்ப்பார்கள். எழுந்தால் எழும், இல்லையென்றால் தோட்டத்து ஓரத்தில் குழி. கெட்டது ஈரலா சிறுநீரகமா என்று யாரும் கேட்டதில்லை. ‘அந்தக் காலத்து நாய்க்கு நோயே வராது’ என்று பெரியவர்கள் சொல்வதை அதனால்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. வந்த நோய்க்குப் பெயர் வைக்க ஆள் இல்லை, அவ்வளவே.

கம்பம் போய் அடுக்குமாடி வந்தபோது நாயும் மாறியது. வீட்டு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறு இனங்களில் ஒன்றாக இருக்கவேண்டும். 2012இல் தொடங்கிய ‘அடோர்’ திட்டத்தின் கீழ்தான் உள்ளூர்க் கலப்பின நாய்கள் சிலவற்றுக்கும் கதவு திறந்தது. ஆக மின்தூக்கியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர், குட்டி ஷ்னாஸர், ஷிட்ஸு. இவற்றில் முதல் மூன்றும் பிறவிக் கல்லீரல் கோளாறு ஒன்றுக்குப் பேர்போனவை. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமாகாமல், குறுக்கு நாளம் ஒன்றின் வழியாக நேரே உடலுக்குள் போய்விடும். மருத்துவர்கள் இதை ‘ஷன்ட்’ என்பார்கள். இடத்துக்கு ஏற்ற நாயைத் தேடினோம். அதன் நோயும் கூடவே வந்தது.

இன்று அதே கிளமெண்டியில் சன்செட் வே பக்கம் போனால் நாய்க்கான கடைகளும் மருத்துவமனைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ரத்தம் எடுத்தால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி என்ற எண் வருகிறது. வெறும் வயிற்றில் ஒரு முறை, உணவு கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறை எனப் பித்த அமிலச் சோதனையும் செய்கிறார்கள். எண் ஏறியிருந்தால் வீட்டில் எல்லார் முகமும் வாடிவிடுகிறது. அடுத்த கேள்வி: இனி இதற்கு என்ன கொடுப்பது?

அந்தக் கேள்வியோடுதான் எங்கள் மாடிப் பெண் ஒருத்தி, கையில் மால்டீஸும் பையில் உறைய வைத்த பச்சை இறைச்சிப் பொட்டலமுமாக என்னிடம் பேசினாள். “அங்கிள், காட்டுல இருந்த காலத்துல நாய் சமைச்சா சாப்பிட்டுச்சு? பழைய முறைக்கே போயிடலாம்னு பாக்குறேன்.”

அவள் அக்கறையில் குறையில்லை. ஆனால் அவள் சொன்ன பழைய முறை அவ்வளவு பழையதல்ல. பச்சை இறைச்சியும் எலும்புமே நாய்க்கு உகந்தது என்ற இன்றைய இயக்கம், ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் வெளியிட்ட நூலிலிருந்து பரவியது. நம் கம்பத்து நாய் தின்றது வேகவைத்த சோறு. 2013இல் ‘நேச்சர்’ இதழில் வந்த மரபணு ஆய்வும் அதற்குப் பொருந்துகிறது: மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகம். மனிதன் அடுப்படியில் மிஞ்சியதைத் தின்று பழகியதன் அடையாளம் அது என்று கொள்ளலாம்.

நல்ல உடம்புள்ள நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுப்பது பற்றி வாதிடலாம். ஈரல் கெட்ட நாய்க்குக் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்கலாம். உறைய வைத்தால் அவை சாவதில்லை, தூங்குகின்றன. குடலிலிருந்து தப்பி வரும் கிருமிகளை வடிகட்டுவது கல்லீரலின் வேலை. அந்தக் காவற்காரனே படுத்திருக்கும்போது வாசலைத் திறந்து வைக்கலாமா? ஷன்ட் உள்ள நாய்க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. புரதம் குடலில் சிதையும்போது உண்டாகும் அமோனியா மூளைக்கு ஏறி, நாய் தள்ளாடும், சுவரில் தலையை முட்டி நிற்கும், வலிப்புகூட வரும். முட்டை, பால், சோயாப் புரதத்தைவிட இறைச்சியும் உள்ளுறுப்புகளும் இந்தத் தொல்லையைக் கூட்டுகின்றன.

ரத்தம் ஊற ஆட்டு ஈரல் கொடுத்து வளர்ந்தவர்கள் நாம். ஈரல் நோய்க்கு ஈரலே மருந்து என்று மனசு சொல்லும். பச்சை உணவுக் கலவைகளிலும் வழக்கமாக ஒரு பங்கு ஈரல் சேர்க்கிறார்கள். 100 கிராம் மாட்டு ஈரலில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் செம்பு இருக்கிறது. கோழி ஈரலில் அரை மில்லிகிராம்தான். லாப்ரடார், டோபர்மேன், பெட்லிங்டன் டெரியர் போன்றவற்றின் கல்லீரலில் செம்பு தேங்கி அதையே அரிக்கக்கூடும். அவற்றுக்கு மாட்டு ஈரல் கொடுப்பது நோய்க்கே தீனி போடுவதாகும்.

பாக்கெட் உணவின் மீது அந்தப் பெண்ணுக்கு இருந்த சந்தேகத்தையும் நான் தள்ளிவிடவில்லை. 2005இல் அமெரிக்காவில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின் கலந்த நாய் உணவைத் தின்று பல நாய்கள் ஈரல் செயலிழந்து செத்தன. பாக்கெட் உணவில் செம்பின் அளவை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று ஷரன் சென்டர் உள்ளிட்ட கால்நடை மருத்துவர்களே 2021இல் எழுதினார்கள். அதற்கு மாற்று பச்சை இறைச்சி அல்ல. செம்பு குறைத்த மருத்துவ உணவு இருக்கிறது; கால்நடை உணவியல் நிபுணர் எழுதித் தரும் அளவுப்படி வீட்டில் சமைப்பதும் இருக்கிறது. கண்ணளவில் சோறும் கோழியும் மட்டும் போட்டால் கால்சியமும் துத்தநாகமும் குறைந்துவிடும்.

ஒரு காலத்தில் ஈரல் நோய் என்றாலே புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள். இப்போது அப்படியில்லை. கல்லீரல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் புரதம் வேண்டும். அமோனியா தலைக்கேறும் அறிகுறி உள்ள நாய்க்கு மட்டுமே குறைக்கவேண்டும். ஆகவே என்ன நோய் என்று தெரியும் முன் எந்த உணவையும் முடிவு செய்யவேண்டாம் என்றேன். ஷன்ட் என்றால் ஸ்கேனில் தெரியும். பல நாய்களுக்கு அறுவை சிகிச்சையும் செய்யலாம். நாள்பட்ட அழற்சியா, செம்புத் தேக்கமா என்பதற்குக் கல்லீரலில் துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும். செலவு கூடுதல்தான். பச்சை இறைச்சியின் கிருமிகள் நாயோடு நிற்பதுமில்லை. அவள் வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டியும் தவழும் குழந்தையும் உண்டு. நாய் நக்கிய தட்டும் அது மலம் கழித்த இடமும் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில். பொட்டலத்தை என்ன செய்வது என்று கேட்டாள். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.