கல்லடிப் பழைய பாலம்

லேடி மனிங் பாலம், 1924

மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே நிற்கும் இந்த இரும்புப் பாலத்துக்கு, அன்றைய தேசாதிபதி சேர் வில்லியம் மனிங்கின் துணைவியார் பெயர் இடப்பட்டது. ஊரார் வாயில் அது என்றும் கல்லடிப் பாலம்தான்.

பாலத்தில் ஒரு வழிப்பாதைக்கே இடம். எதிரே வரும் வாகனங்கள் கடந்து முடியும்வரை கல்முனை பஸ்ஸும் காத்தான்குடி லொறியும் கரையில் காத்து நின்றன. நகரம் பெருத்தது, பாலம் பெருக்கவில்லை. 2013 மார்ச்சில், ஜப்பானின் உதவியுடன் கட்டிய இருவழிப் பாலம் பக்கத்தில் திறக்கப்பட்டது. பழையதை இடிக்காமல் விட்டதால், மாலையில் காற்று வாங்க வருவோருக்கு அது நடைபாதையாயிற்று.

பூரணை இரவில் இந்த வாவியின் பாடும் மீனைக் கேட்க வருவோர், பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைப்பது வழக்கம்.

பாலத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: சட்டங்கள் சேருமிடத்தில் வரிசையாகத் தெரியும் உருண்டைத் தலைகள் தறையாணிகள். பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகி மறுமுனையை அடித்துத் தலையாக்குவார்கள். ஆறும்போது ஆணி சுருங்கி, இரும்பை இறுக்கிப் பிடிக்கும். உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்பது இந்த இடுக்குகளைத்தான். பெயின்ற் உரிந்த இடத்தை உடனே மூடுவதே பராமரிப்பின் முதல் வேலை.